பெட்டியில் கோளாறு இல்லை

வேன் மாமா வீட்டு டிவிக்கு எச்.டி. போட்டுக் கொடுத்தவன் நான்தான். ஒரே மாதத்தில் அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் நான்கு முறை ஏணியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். அந்தக் கடுப்பு இன்னும் முழுசாகத் தீரவில்லை. இதைப் படிக்கும்போது நடுநடுவே நான் எரிந்து விழுவதுபோல் தெரிந்தால், அது அவர் மேல் மட்டும் உள்ள கோபம் என்று நினைக்க வேண்டாம். பாதி என் மேல்.

அவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். வயது ஐம்பத்தெட்டு. இருபத்திரண்டு வருஷமாக ஒரே பாதை: எங்கள் பக்கத்துத் தெருக்களில் பதினான்கு பிள்ளைகளை ஏற்றி, பெரிய நாற்சந்தியைத் தாண்டி, பள்ளிக்கூடத்தில் விடுவார்; மாலையில் அதே வழியில் திருப்பிக் கொண்டுவந்து சேர்ப்பார். வேனில் ஒரு கீறல் கிடையாது. பிள்ளைகள் வைத்த பெயர்தான் வேன் மாமா. அதைப் பெரியவர்களும் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு மட்டும் அவர் அண்ணன். என் மகள் இரண்டாம் வகுப்பு. ஒரு வருஷமாக அவர் வேனில்தான் போய்வருகிறாள்.

அவரிடம் சில ஒழுங்குகள் உண்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நம்பர். படியில் கால் வைக்கும்போதே உரக்கச் சொல்ல வேண்டும். என் மகள் பதினொன்று. தெருவே அதிரும்படி "பதினொண்ணு!" என்று கத்திக்கொண்டு ஏறுவாள். சொல்லாமல் ஏறினால் வண்டி நகராது. பட்டாளத்தில் இருந்திருக்க வேண்டிய மனுஷன் என்று பெற்றவர்களெல்லாம் மெச்சிக்கொள்வோம். இன்னொன்று, நாற்சந்தி விளையாட்டு. சந்தி நெருங்கும்போது வேகத்தைக் குறைத்து, "என்ன கலரு?" என்று கேட்பாராம். சிவப்பா, பச்சையா என்று யார் முதலில் சொல்கிறார்களோ, அவர்களுக்கு ஒரு மிட்டாய். "இன்னிக்கு நான்தாம்ப்பா ஜெயிச்சேன்!" என்று என் மகள் வாரத்தில் இரண்டு நாளாவது வந்து சொல்வாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். பிள்ளைக்கு எவ்வளவு கூர்மையான பார்வை என்று மனைவியிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

பொதுவாக எச்.டி. வேண்டும் என்று நச்சரிப்பது வீட்டில் இருக்கும் பிள்ளைகள்தான். குடும்பத் தலைவர்கள் இருப்பது போதும் என்பார்கள். அந்த வீட்டில் தலைகீழ். வேன் மாமாதான் ஒற்றைக் காலில் நின்றார். வெளியூரில் வேலை பார்க்கும் அவர் மகள் பெரிய டிவி ஒன்றை வாங்கி அனுப்பியிருந்தாள். அது வந்து இறங்கிய மறுநாளே எனக்குப் போன்.

"தம்பி, எச்.டி. போட்டா படம் பளிச்சுனு தெரியுமாமே? நம்ம பழைய டிவியில கொஞ்ச நாளா ஒரே பனிமூட்டம். புது டிவியிலயும் அதேதான். அந்தப் பழைய செட்டாப் பெட்டியைத் தூக்கிப் போட்டுட்டு நல்லதா ஒண்ணு மாட்டு."

போனேன். மொட்டை மாடியில் டிஷ் லேசாகச் சாய்ந்திருந்தது, நிமிர்த்தினேன். புதுப் பெட்டி, புது வயர். சிக்னல் தொண்ணூற்று நாலு. எங்கள் தொழிலில் அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது. செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், வாயில் கை வைத்துக்கொண்டார்.

"அடேயப்பா! அந்தப் பொண்ணு கம்மல்ல எத்தனை கல்லு இருக்குன்னு எண்ணலாம் போல இருக்கே!"

வேன் மாமா நாற்காலியை முன்னே இழுத்தார். பின்னே தள்ளினார். தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"இதுதானா?" என்றார்.

என் வேலையை யாராவது குறை சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்றைக்கு விழுங்கிக்கொண்டேன்.

நான்கே நாளில் புகார். 'படம் மங்கல்.' போய் வயரை மாற்றினேன். அக்காவுக்குப் பளிச்சென்று தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. அவர் மட்டும் உதட்டைப் பிதுக்கினார். அடுத்த வாரம் மறுபடி புகார். 'படம் மங்கல், எல்லாம் மஞ்சளாக இருக்கிறது, விளக்கு வந்தால் பூப்பூவாக விரிகிறது.' பெட்டியையே மாற்றினேன். மாடியில் ஏறி, டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்பையும் கழற்றி வேறு போட்டேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியும் குறை என்று ஒன்று அகப்படவில்லை.

"இந்த மனுஷனுக்கு எதுலதான் திருப்தி வந்திருக்கு?" என்று அக்கா என்னிடம் சலித்துக்கொண்டார். "குழம்புல உப்பு சரியா இருந்தாலும் ஒரு முணுமுணுப்பு. நீ விட்டுத் தள்ளு தம்பி."

விட்டுத் தள்ள ஆபீஸ் விடவில்லை. மூன்றாவது புகார் வந்ததும், வேலை பிரித்துக் கொடுக்கும் அம்மா போனில் பிடித்துக்கொண்டார். "ஒரே வீட்டுல மூணு புகார். இதையும் முடிக்கலைன்னா உன் பேருக்கு நேரா சிவப்புக் கோடுதான், பாத்துக்கோ." பல்லைக் கடித்துக்கொண்டு கிளம்பினேன். இன்றைக்கு அந்த மனுஷனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிடுவது என்று முடிவு.

வழியில்தான் உறைத்தது. பழைய ஆன்டெனா காலத்தில் படம் மங்கும், நிழல் விழும், புள்ளி புள்ளியாகக் கொட்டும். டிஷ் அப்படி இல்லை. வந்தால் முழுப் படம் வரும். கெட்டால் கட்டம் கட்டமாக உடையும், இல்லை அப்படியே நின்றுவிடும். பனிமூட்டம் என்பது அதன் பிறவியிலேயே கிடையாது. தொழிலுக்கு வந்த முதல் வாரத்தில் தெரிந்துகொள்ளும் விஷயம் இது. பன்னிரண்டு வருஷ அனுபவம் உள்ள நான் ஒரு மாதமாக வயரையும் பெட்டியையும் மாற்றிக்கொண்டிருந்தேன். மாற்ற முடிந்தவை அவைதான் என்பதால் மாற்றினேன், வேறு காரணம் இல்லை.

மாலை நாலரை மணி. பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து அவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். நான் நேராக ரிமோட்டை எடுத்து, சிக்னல் காட்டும் பக்கத்தைத் திறந்தேன். திரையில் அந்த நம்பர் உள்ளங்கை அகலத்துக்கு வந்து நின்றது.

"அண்ணே, அந்த நம்பரைக் கொஞ்சம் சொல்லுங்க."

"எந்த நம்பரு?"

"எதிர்லதான் இருக்கு."

"அதைத்தானேப்பா ஒரு மாசமா சொல்லிட்டிருக்கேன்! உன் பெட்டியில ஒண்ணுமே ஒழுங்காத் தெரியலன்னு!"

அவருக்குப் பின்னால், அடுப்படி வாசலில் கையைத் துடைத்துக்கொண்டே அக்கா சொன்னார்: "தொண்ணூத்தி நாலு."

அக்கா சாதாரணமாகத்தான் சொன்னார். சொன்ன பிறகு கையைத் துடைப்பதை நிறுத்திவிட்டார்.

"மாடிக்கு வாங்க அண்ணே, டிஷ்ஷை ரெண்டு பேருமாப் பாத்துடலாம்" என்று அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். படியெல்லாம் தடுமாறாமல் ஏறினார். அந்த மாடியிலிருந்து பார்த்தால் நாலு வீடு தள்ளி ஒரு தண்ணீர்த் தொட்டி. கட்டிய கம்பெனியின் பெயரை அதில் ஆள் உயரத்துக்கு எழுதியிருப்பார்கள்.

"அந்தத் தொட்டியில என்னண்ணே எழுதியிருக்கு?"

அவர் நெற்றியில் கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டார். வெகுநேரம் பார்த்தார்.

"அதுல எழுத்து இருக்கா?" என்று கேட்டார்.

இங்கே நடுவில் பெட்டி இல்லை, வயர் இல்லை. அவரும் அதைப் புரிந்துகொண்டார் என்று அவர் கை கீழே இறங்கிய விதத்திலேயே தெரிந்தது. எனக்கு அவர் மேல் இரக்கம் வந்துகொண்டிருந்தது. ஆனால் அது வந்து சேருவதற்குள் வேறொன்று முந்திக்கொண்டது. 'இன்னிக்கு நான்தாம்ப்பா ஜெயிச்சேன்.'

"அண்ணே, அந்தச் சிவப்பு பச்சை விளையாட்டு..."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "பிள்ளைங்க தப்பாச் சொல்லாது தம்பி. ஒண்ணு தப்பாச் சொன்னாலும் மத்த பதிமூணும் கத்திரும்."

"என் பொண்ணுக்கு ஏழு வயசுண்ணே!" கத்திவிட்டேன். பக்கத்து மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ஏழு வயசுப் பிள்ளை சொல்றதைக் கேட்டு சந்தியைத் தாண்டியிருக்கீங்க! நம்பர் சொல்லச் சொன்னதும் அதுக்குத்தானா? மூஞ்சி தெரியாமத்தானா?"

அவர் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் அவர் தோள் தொங்கி நான் பார்த்ததில்லை.

"காலையில அவ்வளவா இருக்காது. சாயங்காலம் எதிர் வெயிலுதான் ஆளை அடிக்குது. வேன் கண்ணாடி அழுக்குன்னு நெனச்சுத் துடைச்சுக்கிட்டே இருப்பேன். அப்புறம் டிவியும் மங்கலாச்சு. சரி, அப்ப டிவிதான்னு நெனச்சேன். எச்.டி. போட்டுத் தெளிவாத் தெரிஞ்சுட்டா, நம்ம கண்ணுக்கு ஒண்ணுமில்லைன்னு ஆயிடும் பாரு." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பெட்டியிலதான் கோளாறுன்னு நீ ஒரு தடவை சொல்லியிருந்தாப் போதும் தம்பி. எனக்கு ஓட்டறதைத் தவிர வேற ஒண்ணும் தெரியாது."

ஒரு மாதமாக அந்த மனுஷன் என் வேலையைக் குறை சொல்லவில்லை. குறை என் வேலையில் இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டிருந்தார். இருந்தாலும் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

"நாளைக்கு வண்டியை எடுக்கக் கூடாது."

"பரீட்சை வரைக்கும்..."

"ஒரு நாளும் கூடாது."

சட்டைப் பையிலிருந்து வேன் சாவியை எடுத்து என் கையில் வைத்தார். "நீயே வெச்சுக்கோ. என்கிட்ட இருந்தா விடிஞ்சதும் எடுத்துருவேன்." அதை ஸ்க்ரூ டிரைவர்களோடு பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். புகாரை முடிக்க போனில் காரணம் தட்ட வேண்டும்: பெட்டி, வயர், டிஷ், மின்சாரம். இதற்கென்று ஒரு கட்டம் இல்லை. 'பெட்டியில் கோளாறு இல்லை' என்று எழுதி அனுப்பினேன்.

மறுநாள் அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. வேன் ரிப்பேர் என்று பதினான்கு வீட்டுக்கும் போனில் சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? காலை ஆறு மணிக்கெல்லாம் நடந்து கிளம்பி, ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டினார். "எனக்குக் கண்ணு சரியாத் தெரியலைங்க. தெரியாமலேதான் இத்தனை நாளா ஓட்டியிருக்கேன். தப்பு என்னுதுதான். வேற ஆளும் வண்டியும் ஏற்பாடு பண்ணியிருக்கேன், அவன் நல்லா ஓட்டுவான்." சிலர் கதவை முகத்தில் சாத்தினார்கள். ஒருவர் போலீசுக்குப் போவேன் என்றார். எங்கள் வீட்டில் என் மனைவி வாங்கு வாங்கென்று வாங்கினாள். நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தார்.

ஆஸ்பத்திரியில் இரண்டு கண்ணிலும் புரை என்றார்கள். முதலில் வலது கண்ணில் ஆபரேஷன், ஒரு மாதம் கழித்து இடது. இரண்டாவது கட்டும் பிரித்த அன்று எனக்குப் போன்.

"தம்பி, டிவியில ஒரு புகாரு."

"என்னண்ணே இப்ப?"

"செய்தி வாசிக்கிறவரு மூஞ்சியில பூசியிருக்கிற பவுடரெல்லாம் தெரியுது. உங்க அக்காவுக்கும் தலை பூரா நரைச்சுப் போயிருக்கு. எப்ப நரைச்சுதுன்னே தெரியல. பழைய பெட்டியையே கொண்டாந்து மாட்டிடு."

பின்னால் அக்கா திட்டுவது கேட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது.

மேலும் ஆறு வாரம் கழித்து, ஓட்டலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு அவர் வந்தார். சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். ஆனால் என் மனைவி மசியவில்லை. "நீங்க ஏறிப் போறதுன்னா போங்க. என் பொண்ணு ஏறமாட்டா."

மறுநாள் காலை வேன் எங்கள் வாசலில் நின்றது. உள்ளே ஐந்து பிள்ளைகள்தான். என் மனைவி மகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு கேட்டருகே நின்றாள். வேன் மாமா எப்போதும் இறங்கமாட்டார், அன்றைக்கு இறங்கி வந்தார்.

"அந்தக் கடைசிக் கடைப் பலகையில என்ன எழுதியிருக்கு?" என்றாள் என் மனைவி, எடுத்த எடுப்பில்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. திரும்பிப் பார்த்து, கடையின் பெயர், விடுமுறை நாள், கீழே பொடி எழுத்தில் இருந்த போன் நம்பர் எல்லாவற்றையும் வாசித்தார். அந்தப் பொடி எழுத்து எனக்கே தெரியவில்லை.

பழக்கதோஷத்தில் என் மகள் "பதினொண்ணு!" என்று கத்தினாள்.

"இனிமே நம்பரு வேணாம்மா" என்று குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அவள் முகத்தையே பார்த்தார். "ஏம்மா, மூக்குல இவ்வளவு பெரிய மச்சம்... இது எப்ப வந்துச்சு?"

"பொறந்ததுலேருந்து இருக்கு மாமா."

ஒரு வருஷம், காலையும் மாலையும். கண்ணைத் தேய்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பார் போலும். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வழிவதை வழியவிட்டு நின்றார். என் மனைவி கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். பிறகு மகளின் புத்தகப் பையைக் கழற்றி, தானே வேனுக்குள் எடுத்து வைத்தாள்.