பேஷண்ட் கூட யாரு?

போன வருஷம் மழை ஓய்ந்து, மும்பை மறுபடியும் புழுங்கத் தொடங்கியிருந்த சமயம். மாட்டுங்காவில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குச் செம்பூரிலிருந்து டாக்ஸி பிடித்துத் தனியாகப் போனேன். வலது கண்ணில் புரை. இடது கண் எப்போதோ போய்விட்டது, நிழல் அசைவது மட்டும் தெரியும். மிச்சமிருந்த ஒரு கண்ணிலும் எழுத்து கலங்க ஆரம்பித்த பிறகு, புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதே என் வேலையாகிவிட்டது.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெருமைக்காக இல்லை, சொல்லாவிட்டால் மற்றது புரியாது. தமிழ்நாட்டில் பெண்களுக்காக ஒரு பல்கலைக்கழகமும் இரண்டு ஆராய்ச்சி நிலையங்களும் தொடங்கி நடத்தியவள் நான். நிலம் கேட்டு மந்திரி வீட்டு வாசலில் காத்துக்கிடந்தது முதல், ஜன்னல் எந்தப் பக்கம் வைப்பது என்பது வரை எல்லாம் என் தலையில்தான். அந்த மும்முரத்தில் கல்யாணம் என்று ஒன்று இருப்பதே மறந்துபோனது. ஓய்வு பெற்றதும் செம்பூரில் இருந்த தங்கையோடு வந்து சேர்ந்தேன். அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் மகன் கனடாவில் இருக்கிறான். இப்போது அந்த ஃபிளாட்டில் நான் மட்டும்தான். சில நாள் சாயங்காலம் ஏதோ முணுமுணுப்பேன், காலையிலிருந்து பேசிய முதல் வார்த்தை அதுதான் என்று அப்போது உறைக்கும்.

ஆஸ்பத்திரிக்குத் துணையாக, தேவ்நாரிலிருந்து வீட்டு வேலைக்கு வரும் பெண் வருவதாக இருந்தது. அன்று காலையில் அவள் குழந்தைக்குக் காய்ச்சல். சரி, ஒரு வார்த்தை பேசினால் விட்டுவிடுவார்கள் என்று கிளம்பிவிட்டேன். ஒரு வார்த்தையில் காரியம் நடத்தியே பழகியவள் இல்லையா!

கவுன்டரில் இருந்தது பம்பாயில் பிறந்து வளர்ந்த ஒரு தமிழ்ப் பெண்.

“ஆன்ட்டி, பேஷண்ட் கூட யாரு?”

“நான்தான்மா பேஷண்ட்.”

“அது தெரியுது. கூட யாரு? ஆபரேஷன் முடியிற வரைக்கும் ஒருத்தர் வெளிய உட்காரணும், அப்புறம் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும். ஆள் இல்லேன்னா வேற டேட்தான்.”

என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். அவள் அசைந்து கொடுக்கவில்லை. என்னிடம் வேலை பார்த்திருந்தால் அன்றைக்கே பதவி உயர்வு கொடுத்திருப்பேன். நானும் அப்படித்தான் நிர்வாகம் நடத்தினேன், விதி என்றால் விதிதான்.

போனில் பெயர்களுக்கு என்ன பஞ்சம்? தாணேயில் பெரிய பதவியில் இருக்கும் பழைய மாணவியைக் கூப்பிட்டேன். பதறிப்போனாள். “மேடம், மீட்டிங்ல மாட்டிக்கிட்டேன். உடனே காரும் செக்ரட்டரியும் அனுப்பறேன். அங்க டைரக்டர்கிட்ட பேசட்டுமா?” என்றாள். அவள் பாசத்தில் குறையே இல்லை. ஆனால் எனக்கு வேண்டியது காரும் இல்லை, டைரக்டரும் இல்லை. எல்லாம் ஏற்பாடாகிவிட்டது என்று ஒரு பொய்யைச் சொல்லி வைத்துவிட்டேன். வீம்பு, வேறென்ன.

இன்னும் யார் யாரையோ யோசித்தேன். கூப்பிட்டால் பூச்செண்டோடு வருவார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் மணிக்கணக்கில் எனக்காக உட்கார்ந்திரு என்று உரிமையோடு சொல்ல ஒருத்தர் இல்லை. இத்தனை வருஷத்தில் அப்படி ஒருத்தரை நான் சம்பாதிக்கவே இல்லை என்று அந்தக் கவுன்டர் முன்னால் நின்றபோதுதான் தெரிந்தது.

“தீபாவளிக்கு அப்புறம்தான் டேட் இருக்கு ஆன்ட்டி. போடட்டுமா?”

“எதுக்கு வேற டேட்? நான் வந்திருக்கேம்லா,” என்று பின்னாலிருந்து ஒரு குரல். என் கண்ணுக்குப் பச்சைச் சேலை மட்டும் கலங்கலாகத் தெரிந்தது.

“நீங்க அந்த அங்கிள் கூட வந்தவங்கதானே?” என்றாள் கவுன்டர் பெண்.

“ஆமா, அவரு எங்க வீட்டுக்காரரு. இவங்க எங்க பெரியம்மா. ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல முடிஞ்சிட்டா எனக்கும் ஒரு நாள் வேலையோட போயிரும், கேட்டியா?”

“நிஜமாவா ஆன்ட்டி?”

பொய் சொன்னவர்களுக்கு மெமோ கொடுத்தே பழகிய நான், வாய் கூசாமல் ஆமாம் என்றேன்.

உள்ளே போகும் முன், என் கைப்பையையும் கண்ணாடியையும் அவள் கையில் கொடுத்தேன். அவள் யாரென்றே எனக்குத் தெரியாது. “காலி பீலி, சும்மா சும்மா டென்ஷன் எடுக்காதீங்க பெரியம்மா. நான் இங்கனயேதான் இருப்பேன்,” என்றாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டுப் போட்ட கண்ணோடு வெளியே வந்தபோது அவள்தான் கையைப் பிடித்தாள். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். சொன்னேன்.

“ஒத்தையிலயா? அதெல்லாம் சரிப்படாது, நம்ம வீட்டுக்கு வாங்க. நாளைக்கு எப்படியும் கட்டுப் பிரிக்க இவரைக் கூட்டிட்டு வரணும்லா.”

மறுக்கத்தான் நினைத்தேன். ஆனால் அவள் கையைப் பிடித்துக்கொண்டு டாக்ஸியில் ஏறிவிட்டேன். அப்படித்தான் நான் தாராவிக்குப் போனேன். கீழே தோல் பை தைக்கும் பட்டறை, மேலே அவர்கள் குடியிருப்பு. அந்த வீட்டை அன்று நான் பார்க்கவில்லை, காதால் கேட்டேன். கீழே தையல் மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. தோல் வாசனையும் ரசம் கொதிக்கும் வாசனையும் கலந்து வந்தன. ஒரு பாயில் நானும், எதிர்ப் பாயில் அவள் கணவரும், ஆளுக்கொரு கட்டோடு கிடந்தோம். என்ன வேலை பார்த்தேன் என்று அவர் கேட்டார். டீச்சர் என்றேன். என் பட்டங்களையெல்லாம் மேடையில் யாராவது வாசித்துத்தான் எனக்குப் பழக்கம். “டீச்சரா? அதான் குரல் இப்படி அதட்டுது,” என்று சிரித்தார்.

மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். சினிமாவாக இருந்தால் முதலில் அவள் முகம் தெரிந்திருக்கும். எனக்குத் தெரிந்தது டாக்டரின் மூக்குதான். அப்புறம்தான் அவளைப் பார்த்தேன். என்னைவிட அவளுக்குத்தான் தூக்கம் தேவை என்பதுபோல் களைத்திருந்தாள். என்னைச் செம்பூரில் கொண்டுவந்து விட்டுவிட்டு, என் போனை வாங்கித் தன் நம்பரைப் போட்டுக் கொடுத்துப் போனாள்.

பார்வை வந்துவிட்டது, புத்தகம் படித்தேன். ஆனால் ஃபிளாட் இன்னும் அமைதியாகிவிட்டதுபோல் இருந்தது. நன்றிக்கு ஒரு சால்வையும் பழக்கூடையும் அனுப்பலாமா என்று யோசித்தேன். எனக்குத் தெரிந்த நன்றி அதுதான். நினைக்கவே அசிங்கமாக இருந்தது, அனுப்பவில்லை. சும்மா ஒருநாள் அவர்கள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கலாம். காரியமில்லாமல் ஒரு வீட்டுக்குப் போய் எனக்குப் பழக்கமில்லை. எத்தனையோ தடவை போனைக் கையில் எடுத்து, என்ன சொல்வது என்று தெரியாமல் கீழே வைத்தேன்.

பொங்கல் கழிந்து அவளே கூப்பிட்டாள்.

“பெரியம்மா, நாளைக்கு அவருக்கு மத்தக் கண்ணு ஆபரேஷன். மவளைப் பிரசவத்துக்குக் காட்கோபர்ல சேத்திருக்கு, நான் இங்கன இருந்து அசைய முடியாது. நீங்க அவரு கூட இருப்பீங்களா?”

“உங்க தெருவிலேயே எத்தனையோ பேர் இருப்பாங்களேம்மா?”

“இருக்காங்க. எவனை விட்டாலும் டீ குடிக்கன்னு வெளிய போனா திரும்பி வர மாட்டான். நீங்கன்னா சேரை விட்டு எந்திரிக்க மாட்டீங்க. அவரும் உங்களைத்தான் கேக்காரு.”

எத்தனையோ தேர்வுக் குழுக்கள் என்னைத் தேர்ந்தெடுத்திருக்கின்றன. இவ்வளவு சரியான காரணத்தை ஒரு குழுவும் சொன்னதில்லை.

மறுநாள் கவுன்டரில் அதே பெண். “ஆன்ட்டி, இன்னைக்கு எந்தக் கண்ணு?” என்றாள். எனக்கில்லை, நான் கூட வந்திருக்கிறேன் என்றேன். அவருடைய கண்ணாடியையும் போனையும் மடியில் வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். முதுகு வலித்தது. டீ வந்தது, குடிக்கவில்லை. மத்தியானம் அந்த போன் அடித்தது. காட்கோபரிலிருந்து அவள்தான், பெண் குழந்தை, சுகப்பிரசவம் என்றாள். அவர் வெளியே வந்ததும் முதலில் நான்தான் சொல்ல வேண்டும் என்று ஒரே தவிப்பு.

உள்ளிருந்து நர்ஸ் கதவைத் திறந்து, “பேஷண்ட் கூட யாரு?” என்று கேட்டபோது, காத்திருந்த எல்லோருக்கும் முன்னால் நான் எழுந்து நின்றுவிட்டேன்.

இப்போதும் செம்பூர் வீட்டில் பேச ஆளில்லாத நாட்கள்தான் அதிகம். என் பெயர் பொறித்த கல்வெட்டுகள் எங்கெங்கோ இருக்கின்றன, அவற்றை நினைத்து எனக்குத் தூக்கம் வந்ததில்லை. அந்தக் கேள்விக்கு ஒரு தடவையாவது “நான்” என்று பதில் சொல்லியிருக்கிறேன் என்ற நினைப்போடுதான் இரவில் விளக்கை அணைக்கிறேன்.