முகூர்த்தம் பார்த்துச் சாப்பிட்ட கோழிகள்

போடிநாயக்கனூரில் இன்று முகூர்த்தமா என்று தெரிந்துகொள்ள காலண்டரைப் பார்க்க வேண்டியதில்லை. குருவம்மாள் வீட்டுக் கொல்லையை எட்டிப் பார்த்தால் போதும். முகூர்த்த நாளென்றால் முப்பத்தொரு கோழிகளும் இரைப்பை புடைத்து, நடக்க மாட்டாமல் சுவரோரம் சாய்ந்து கிடக்கும்.

குருவம்மாள் ஏலக்காய்க் கடையில் தரம் பிரிக்கிறவள். தீவன மூட்டை விலை ஏறியபோது தெருவில் பாதிப் பேர் கோழியை விட்டார்கள். அவள் மூட்டையை விட்டாள். கல்யாண மண்டபத்துச் சமையல்காரர்கள் அத்தனை பேரையும் அண்ணனாக்கிக்கொண்டாள். பந்தி முடிந்ததும் டிரம்மோடு பின்வாசலில் நிற்பாள். எச்சில் இலைச் சோறு அவளுக்கு வேண்டாம். அண்டா அடியில் மிஞ்சிய வெறும் சோறு, முட்டைக்கோஸ் மேல் இலை, கேரட் தோல், இவ்வளவுதான். கொஞ்சம் தவிட்டைப் போட்டுப் பிசைந்து வைத்தால் கோழிகள் பாத்திரத்தையே தின்றுவிடும் போலப் பாயும்.

மார்கழி பிறந்தது. மண்டபங்களுக்குப் பூட்டு விழுந்தது.

அவள் புருஷன் முத்துக்கண்ணன், போடிமெட்டுக்கு எஸ்டேட் ஆட்களை ஏற்றிப் போகும் ஜீப் டிரைவர், சபரிமலைக்கு மாலை போட்டிருந்தான். மாலை போட்டவன் எல்லாரையும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். பொண்டாட்டியும் சாமி, போலீஸ்காரரும் சாமி, ஜீப் பேனட்டில் ஏறி நிற்கும் கோழியும் சாமி. பசி தாங்காத சேவல் ஒன்று பூசைக்கு வைத்திருந்த அவலில் வாயை வைத்த அன்றும் அவன் குரலை உயர்த்தவில்லை.

"கோவப்படக் கூடாது, அதனால ஒண்ணும் சொல்லல சாமி. ஆனா தீவன மூட்டை மறுபடி இந்த வீட்டுக்குள்ள வந்துச்சுன்னா, மலைக்குப் போய்ட்டு வந்த மறுநாளே அம்புட்டையும் சந்தையில வித்துருவேன்."

கத்தியிருந்தால் அவளும் பதிலுக்குக் கத்தியிருப்பாள். இப்படி மெதுவாகச் சொல்லவும், போய்த் தவிட்டுச் சாக்கைத் திறந்து பார்த்தாள். தவிடு நாலு நாளைக்குத்தான் வரும். தை பிறக்க இன்னும் மூன்று வாரம் இருந்தது.

கடையில் பக்கத்தில் உட்கார்ந்து பிரிக்கும் ஜெனி, வியாழக்கிழமை லீவு என்றாள். சித்தப்பா மகளுக்குக் கல்யாணமாம். மார்கழியிலா என்று குருவம்மாள் வாயைப் பிளந்தாள்.

"கிறிஸ்துமஸ் முடிஞ்சா எங்களுக்கு வரிசையா கல்யாணந்தான். எங்களுக்கு ஏதுக்கா மார்கழி?"

குருவம்மாள் அவளைக் கட்டிப்பிடித்த வேகத்தில் பிரித்து வைத்த ஏலக்காயெல்லாம் மறுபடி ஒன்றாகிப்போனது. எத்தனை பேர் வருவார்கள், எந்த மண்டபம், பின்வாசல் எந்தப் பக்கம் என்று ஒன்று விடாமல் விசாரித்தாள். பெண்ணைப் பெற்றவளுக்குக்கூட அத்தனை சந்தோஷம் இருந்திருக்காது.

வியாழக்கிழமை நாலு டிரம்மோடு போய் இறங்கினாள். சமையல்காரர் சின்ராசு அவளுக்குப் பழைய அண்ணன்தான். முதல் அண்டாவைத் திறந்தார். கோழி பிரியாணி. இரண்டாவதும் கோழி பிரியாணி. ஆறு அண்டாவும் அதேதான். எல்லாம் கேட்டவள் என்ன சாப்பாடு என்று மட்டும் கேட்கவில்லை. அவள் இதுவரை போன கல்யாணங்களில் சாம்பார் தவிர வேறு எதையும் கண்டதில்லை.

"கோழிக்கே கோழியப் போடப் போறியா தங்கச்சி?" என்று கேட்டுவிட்டு, கரண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார் சின்ராசு. அவளுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் டிரம்மைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

பட்டுச்சேலை சரசரக்க ஓடிவந்த ஜெனி விஷயத்தைக் கேட்டாள். உடனே குருவம்மாள் கையைப் பிடித்துத் தோட்டத்து மூலைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே தனி அடுப்பு, புது அண்டா. மாலை போட்ட கடைக்காரர்களும் டிரைவர்களும் நிறையப் பேர் வருவார்களே என்று சித்தப்பா மெனக்கெட்டுச் சைவமாக ஆக்கச் சொல்லியிருந்தார். அவர்களும் வந்தார்கள், மொய் வைத்தார்கள். விரதத்தில் வெளியே கை நனைப்பதில்லை என்று கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ஆதரவற்றோர் இல்லத்துக்குக் கொடுத்தனுப்பியும் முக்கால் அண்டா வெள்ளைச் சோறு மல்லிகைப்பூப் போல அப்படியே இருந்தது.

குருவம்மாள் போனை எடுத்தாள். "சாமி, ஒரு லோடு இருக்கு. ஜீப்பக் கொண்டாங்க, வெரசா."

முத்துக்கண்ணன் வந்தான். வாசலிலேயே பிரியாணி வாசனை அவனைப் பிடித்துக்கொண்டது. துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு, எதிர்ச் சுவரைப் பார்த்துச் சரணம் சொல்லிக்கொண்டே டிரம்களை ஏற்றினான். வழி நெடுகச் சிரித்த குருவம்மாளுக்கு விக்கலே வந்துவிட்டது.

சோற்றை அலசி, மொட்டைமாடியில் தார்ப்பாய் விரித்துக் காயப்போட்டாள். ஈரம் வற்றி மணிமணியாகக் கலகலத்தால் தை வரைக்கும் கெடாது. சவாரி இல்லாத நேரமெல்லாம் முத்துக்கண்ணன் கம்போடு மாடியில் உட்கார்ந்து, "போ சாமி, போ சாமி" என்று காக்கை விரட்டினான்.

மூன்றாம் நாள் இருமுடி கட்டிப் புறப்பட்டான். திரும்பிப் பார்க்கக் கூடாது. படியிறங்கியவன் தெருவைப் பார்த்தபடியே நின்றான்.

"நாலு மணிக்குள்ள சோத்த அள்ளி உள்ள வச்சுருங்க சாமி, பனி எறங்கிரும்." இருமுடியைச் சரியாக்கிக்கொண்டான். "நான் இல்லாத நேரம் பாத்து எவனாச்சும் கோழிக்கு வெல பேசி வருவான். ஒண்ணக்கூடக் குடுத்துறாதீங்க."