பஸ் போகாத வழி

என் அக்கா ஒற்றைக்காலில் நின்றால் நின்றதுதான். பேச்சுக்குச் சொல்லவில்லை, இந்தக் குளிர்காலம் முழுக்க அவள் நிஜமாகவே ஒற்றைக்காலில்தான் நின்றாள். பஸ் டிரைவர் அவள். பனி உறைந்து கிடந்த ஒரு நாள் டெப்போ வாசலில் வழுக்கி விழுந்து இடது கணுக்காலை உடைத்துக்கொண்டாள். க்ளட்ச் மிதிக்கிற கால். ஊரில் எத்தனையோ பேர் விழுகிறார்கள், கையை உடைத்துக்கொள்கிறார்கள், இடுப்பைப் பிடித்துக்கொள்கிறார்கள். இவளுக்கு மட்டும் பார்த்துப் பார்த்து அந்தக் கால்.

நான் வீட்டிலேயே திரைச்சீலை தைத்துக் கொடுப்பவள். என் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் கட்டிலை இழுத்துப் போட்டு அவளைப் படுக்க வைத்தேன். அது நான் செய்த தப்பு. நான் பெடல் மிதிப்பதையே பார்த்துக்கொண்டிருப்பாள். “அரை க்ளட்ச்சுல ஓட்டாத, தேஞ்சிடும்” என்பாள். கால் ஒடிந்தவளுக்கு வாய் ஒடியவில்லை. மாவுக்கட்டைப் பிரித்த பிறகு, எலும்பு கூடிவிட்டது, இனி நடந்து பழக வேண்டியதுதான் என்று டாக்டர் சொன்னார். அன்றிலிருந்து வீட்டுக்குள்ளேயே நடந்தாள். அடுப்படியிலிருந்து ஜன்னல் வரை, ஜன்னலிலிருந்து அடுப்படி வரை. என் துணிகளையெல்லாம் மிதித்துக்கொண்டு.

அவர்கள் டெப்போவில் ஒரு வழக்கம் உண்டு. வருடத்துக்கு ஒருமுறை, குளிர் விட்டதும், டிரைவர்களைக் கூடத்தில் கூட்டி, வேலையில் சேர்ந்த வரிசைப்படி ஒவ்வொருவராகக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டதும் எழுந்து, எனக்கு இந்த ரூட் என்று சொல்ல வேண்டும். சொன்னால் ஒரு வருடத்துக்கு அது அவருடையது. கூப்பிடுகிற நேரத்தில் ஆள் இல்லையென்றால் வரிசையில் கடைசிக்குப் போக வேண்டியதுதான். காய்ச்சல், கல்யாணம், சாவு எதுவும் செல்லாது. கடைசியில் மிஞ்சுவது எப்போதும் மேட்டு ரூட். ஏற்றம், வளைவு, வளைவுக்கு வளைவு க்ளட்ச். இப்போதுதான் கூடியிருக்கிற கால் அங்கே ஒரு வாரம் தாங்காது. பிறகு டிக்கெட் கவுண்டரில் உட்கார வைத்துவிடுவார்கள். அங்கே போய் உட்கார்ந்த டிரைவர் யாரும் திரும்ப வண்டி ஏறியதில்லை.

அக்காவுக்கு வேண்டியது ஆற்று ரூட். ஆற்றை ஒட்டியே போகிற சமதளமான சாலை. பல வருடமாக அதில்தான் ஓட்டுகிறாள். டெப்போ மேனேஜர் பழங்களோடு வீட்டுக்கு வந்து, கம்பு ஊன்றாமல் சொந்தக் காலில் நடந்து வந்து நின்றால் அவளுடைய முறையில் கூப்பிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னது கூடத்துக்குள் நடந்து வருவதை. அதற்கு வாசல்வரை காரில் போனால் போதாதா என்று கேட்டேன்.

“வாசல்ல இறங்கி பத்தடி நடந்து காட்டுறது ஏமாத்து வேலை” என்றாள். “வீட்டுலருந்து டெப்போ வரைக்கும் தாங்காத காலு, நாள் முழுக்க க்ளட்ச்சைத் தாங்குமா? எனக்குப் பின்னாடி ஜனங்க உக்காந்திருப்பாங்கடி.”

தாங்காவிட்டால் என்ன செய்வாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

அந்த நாள் வந்தபோது வானம் எங்கள் பக்கம்தான் இருந்தது. நல்ல வெயில். கூரைகளில் மிச்சமிருந்த பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. காப்பிக் கடைக்காரர் நாற்காலிகளை வெளியே எடுத்துப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். கம்பளிக் கோட்டுகளைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு, யார் எந்த வேலைக்குப் போகிறார்கள் என்றே தெரியாதபடி எல்லோரும் மெதுவாக நடந்தார்கள். சாலையோர மரங்களில் மொட்டு விட்டிருந்தது. அக்கா வாசலில் நின்று முகத்தை வெயிலுக்குக் காட்டினாள். எத்தனையோ நாளாகக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்த முகம். பிறகு எனக்குச் சட்டம் போட்டாள்: கூட வரலாம், கையைப் பிடிக்கக் கூடாது. வழியில் ஊன்றிக்கொள்ள உதவுமென்று மடக்குக் குடை ஒன்றைப் பைக்குள் ஒளித்து வைத்திருந்தேன். இந்த வெயிலில் குடை எதற்கு என்று கண்டுபிடித்து, வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னாள்.

அவளோடு தெருவில் நடப்பதே ஒரு பாடு. பஸ் போகிற சாலையில்தான் நடப்பாள். திருப்பம் வந்தால் நம்மைப் போல ஓரமாகத் திரும்ப மாட்டாள். பின்னால் ஒரு பஸ்ஸே ஒட்டிக்கொண்டு வருவதுபோல வெளியே அகன்று போய் வட்டமடித்துத்தான் திரும்புவாள். தெரியாத ஆள் பக்கத்தில் நடந்தால் இடிபடுவான். அன்றைக்கும் அப்படித்தான் திரும்பினாள், ரொட்டிக் கடை முனையில். திரும்பிய வேகத்தில் நின்றுவிட்டாள். கால் வலிக்கிறதா என்று பதறினேன். இல்லை, வாசனை. இத்தனை வருடமாக இந்தக் கடையைத் தாண்டிப் போகிறேன், பஸ் கண்ணாடிக்கு உள்ளேயிருந்து எனக்கு இந்த வாசனை தெரியவே தெரியாது என்றாள். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

கடை வாசலில் நெட்டை நின்றுகொண்டிருந்தாள். அவளும் டிரைவர். அக்காவும் அவளும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். வரிசையில் அக்காவுக்கு அடுத்த பெயர் அவளுடையது. நல்ல உயரம், வைத்த பெயருக்குக் குறையில்லை. அவளுடைய ஒரு எட்டு நமக்கு ரெண்டு எட்டு. வெயில் இப்படி அடிக்கும்போது பஸ்ஸில் போனால் பாவம், அதனால் நடந்தே போகலாமென்று நிற்பதாகச் சொன்னாள். நான் நம்பவில்லை. காலைக் குளிரில் வெகுநேரம் காத்துக்கொண்டிருந்தவளின் மூக்கு எப்படிச் சிவந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். குளிர்காலம் முழுக்க அக்காவின் ஆற்று ரூட்டை ஓட்டியவள் நெட்டைதான். அந்த ரூட்டின் கடைசி நிறுத்தத்துக்கு எதிரே, ஒரு கட்டடத்தில், அவளுடைய அப்பா தனியாக இருக்கிறார். கை நடுங்கும் அவருக்கு. மதியம் வண்டி அங்கே அரை மணி நேரம் நிற்கும். அந்த நேரத்தில் மேலே ஓடிப்போய் அவருக்கு ஊட்டிவிட்டு வருவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வந்து, அப்பா என்ன சாப்பிட்டார், எதைத் துப்பினார், என்ன திட்டினார் என்று விழுந்து விழுந்து சிரித்தபடி சொல்வாள். ரூட் எடுக்கிற தேதியை டெப்போவில் ஒட்டிய பிறகும் வந்தாள். ஆனால் அப்பா பேச்சை நிறுத்திவிட்டாள். நாங்களும் கேட்கவில்லை. அக்கா வராமல் போனால் ஆற்று ரூட் நெட்டைக்கு. எங்கள் மூன்று பேருக்கும் அது தெரியும், மூன்று பேரும் மரத்து மொட்டைப் பற்றிப் பேசிக்கொண்டு நடந்தோம்.

இரண்டு டிரைவர்கள் சேர்ந்தால் கேட்க வேண்டுமா. அடுத்த திருப்பத்தில் இருவருமாகச் சேர்ந்து அகன்று வட்டமடித்தார்கள். எதிரே தள்ளுவண்டியில் குழந்தையோடு வந்த பெண் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிட்டாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நெட்டை தன் எட்டைக் குறைத்துக்கொண்டுதான் நடந்தாள். ஒரு எட்டு வைப்பாள், பிறகு கடைக் கண்ணாடியைப் பார்ப்பதுபோல நிற்பாள். சாவிக் கடையில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? அக்காவுக்கும் புரிந்தது, ஆனால் அவளை விரட்டவில்லை. நல்ல வெயிலில் நல்ல சிநேகிதியோடு நடக்கிற சுகத்தை விட்டுவிட அவளுக்கும் மனம் வரவில்லை போலிருக்கிறது. பழைய கதைகளைப் பேசிப் பேசிச் சிரித்தார்கள். புதிதாகச் சேர்ந்த காலத்தில் நெட்டை ஒரு நாள் பயணிகளை ஏற்றாமலே கடைசி நிறுத்தம் வரை ஓட்டிப் போனாளாம். வண்டி ஏன் இவ்வளவு லேசாக ஓடுகிறது என்று பெருமைப்பட்டாளாம்.

பேசிச் சிரித்ததில் நேரம் போனது தெரியவில்லை. சாலை இறங்கத் தொடங்குகிற இடத்தில் அக்காவின் பேச்சு நின்றது. முகம் வெளுத்திருந்தது. பூட்டியிருந்த ஒரு கடையின் வாசல் சுவரில் உட்கார்ந்தாள். கணுக்கால் வீங்கி ஷூவை நெரித்தது. அங்கிருந்து பஸ் சாலை பாலத்தைச் சுற்றிக்கொண்டு, சந்தையைச் சுற்றிக்கொண்டு டெப்போவுக்குப் போகும். நெட்டை மணியைப் பார்த்தாள். பார்த்ததை மறைக்கப் பார்த்தாள்.

“நீ போ” என்றாள் அக்கா. “லேட்டானா உன் முறையும் போயிடும்.”

“போனா ஆத்து ரூட் எனக்குக் கெடைக்கும்.”

“அதுக்குத்தான் போகச் சொல்றேன். உங்கப்பா இருக்காருல்ல.”

“எனக்கு அது வேணும்தான். இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன்” என்றாள் நெட்டை. “ஆனா நீ அங்க வந்து, எழுந்து நின்னு, வேணாம்னு சொன்னாத்தான் எடுப்பேன். நீ வழியில உக்காந்து கெடக்குறப்போ எடுத்தா, நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு உன் வீட்டுக்கு வர்றது? எழுந்திரு.”

அக்கா எழுந்தாள். ஆனால் எழுந்தால் மட்டும் நேரம் நின்றுவிடுமா? அப்போது நான் வாயைத் திறந்தேன். எதிரே இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் ஒரு படிக்கட்டு இறங்குகிறது, இறங்கினால் நேராக டெப்போவின் பின்வாசல்தான் என்றேன். இருவரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். அங்கே வழியே கிடையாது என்று அடித்துச் சொன்னார்கள். வேலைக்குச் சேர்ந்த நாள் முதலாக இந்த வளைவில் திரும்புகிறவர்கள் அல்லவா? நான் எத்தனை முறை அந்தப் படியில் இறங்கி அக்காவுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருக்கிறேன். பஸ் போகாத வழி இவர்களுக்கு வழியாகத் தெரியாது. நெட்டையின் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டினேன். செங்குத்தாக இறங்கியது, இரும்புக் கைப்பிடியோடு. கீழே, வெயிலில் மினுங்கிக்கொண்டு, டெப்போவில் நிறுத்தியிருந்த பஸ்களின் கூரைகள்.

உடைந்த காலுக்கு ஏறுவதைவிட இறங்குவது கஷ்டம். அக்கா முதல் படியில் நின்று கைப்பிடியை முறைத்துப் பார்த்தாள். அது கம்பு கணக்கில் வருமா என்பது அவள் சந்தேகம். இவளை என்ன செய்தால் தகும்?

“கம்பு கூடவே வரும். கைப்பிடி இங்கயே இருக்கும்” என்றாள் நெட்டை. “பிடி.”

பிடித்தாள். உடைந்த காலை முதலில் கீழே வைத்து, நல்ல காலைச் சேர்த்து, ஒரு மூச்சு விட்டு, அடுத்த படி. நெட்டை அவளுக்கு முன்னால் பின்பக்கமாக இறங்கினாள், விழுந்தால் தன்மேல் விழட்டும் என்று. தொடவே இல்லை. நான் பின்னால் நின்று கடவுளையும் மேனேஜரையும் மாறி மாறித் திட்டிக்கொண்டு இறங்கினேன். நடுவில் ஒரு இடத்தில் அக்காவின் முழங்கால் மடங்கியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உட்கார மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். எங்களிடம் இல்லை, காலிடம்.

பின்வாசல் வழியாக, பஸ் கழுவுகிற இடத்தின் ஈரத்தை மிதித்துக்கொண்டு கூடத்துக்குள் நுழைந்தபோது அவளுக்கு முந்தின ஆள் தன் ரூட்டைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டிருந்தார். வரிசையில் அவளுக்கு முன்னால் இருந்த மூத்தவர்கள் எல்லோரும் ஓவர்டைம் கிடைக்கிற வெளியூர் ரூட்டுகளாகப் பார்த்து எடுத்திருந்தார்கள். ரூட்டுகள் எழுதிய பலகையில் ஆற்று ரூட் அப்படியே இருந்தது. மேனேஜர் அக்காவைக் கூப்பிட்டார். அவள் கூடத்தின் நடுவழியாக, யாரையும் எதையும் பிடிக்காமல், நடந்து முன்னால் போய் நின்றாள். அவள் திரும்பி நெட்டையைப் பார்த்தாள். எனக்குப் பிறந்ததிலிருந்து அக்காவைத் தெரியும். விட்டுக்கொடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அழக்கூடத் தயாராகிவிட்டேன்.

“ஆத்து ரூட்” என்றாள். சத்தமாக, தெளிவாக.

அடுத்து நெட்டையைக் கூப்பிட்டார்கள். பலகையை ஒரு தடவை பார்த்துவிட்டு ஸ்டேஷன் ரூட்டைச் சொன்னாள். அப்பா வீட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வந்து அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. எல்லாம் முடிந்து வெளியே பெஞ்சில், வெயிலில் உட்கார்ந்ததும், நெட்டையின் எதிரிலேயே கேட்டுவிட்டேன். உனக்காகப் படி முழுக்கப் பின்பக்கமாக இறங்கி வந்தாளே, உனக்குக் கொஞ்சமாவது நெஞ்சில் ஈரம் இருக்கிறதா என்று.

அக்கா ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். “ஸ்டேஷன் ரூட்ல நிமிஷத்துக்கொரு தடவ நிக்கணும், நிக்கிற நேரமெல்லாம் க்ளட்ச்தான். இந்தக் காலுக்கு ஆத்து ரூட்ட விட்டா வேற கெதி கெடையாது. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். பெரிய மனசு காட்டி விட்டுக் குடுத்திருந்தா, அவ என்னை இழுத்துக்கிட்டு வந்ததுக்கு என்ன அர்த்தம்?”

நெட்டை டெப்போ வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவை நினைக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அக்கா அவள் பக்கம் திரும்பினாள்.

“மத்தியானம் அங்க அரை மணி நேரம் வண்டி நிக்குமில்ல. தினமும் காலையில அப்பா சாப்பாட்ட என் கையில குடுத்துடு. நான் ஊட்டிட்டு வர்றேன்.”

அவர் கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டுவார் என்றாள் நெட்டை. திட்டட்டும் என்றாள் அக்கா. சில நாள் தட்டைத் தள்ளிவிடுவார் என்றாள். திரும்ப எடுத்து வைக்கிறேன் என்றாள் அக்கா. மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, உன் காலுக்கு எப்படி என்று கேட்டாள் நெட்டை. கேட்கும்போதே அவள் கன்னத்தில் கண்ணீர் இறங்கிவிட்டது. அதைத் துடைக்கவும் இல்லை.

“படி ஏறித்தான் பழகணும்” என்றாள் அக்கா.