மயங்கினால் மட்டும் வண்டி வரும்

போன வாரம் முழுக்க நான் ஒரு பிளாஸ்டிக் கார்டோடு மல்லுக்கட்டினேன். யார் வென்றது என்று கேட்காதீர்கள்... இன்னும் குழப்பமாகத்தான் இருக்கிறது.

கார்ட், மாம்புரியில் இருக்கும், என் கூடப்பிறந்த ராத்தாவுடையது. அவருடைய மகன் கொழும்பில் ஒரு கம்பனியில் வேலை செய்கிறான். கம்பனி கொடுக்கும் மருத்துவக் காப்புறுதியில் உம்மாவையும் சேர்த்துவிட்டான். 'அம்பியூலன்ஸ் செலவும் உண்டு' என்று பின்பக்கம் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது.

ராத்தாவுக்கு இரண்டு கிட்னியும் சரியில்லை. வாரத்தில் மூன்று நாள் டயலிசிஸ் செய்யப் புத்தளம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சிகிச்சை இலவசம்தான். பயணம் இலவசமா? பஸ்ஸில் நிற்க உடம்பில் தெம்பில்லை, த்ரீவீலருக்கோ கொடுத்து மாளாது. வியாழக்கிழமை போகாமலே இருந்துவிட்டார். கால் வீங்கிவிட்டது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

ராத்தா வீட்டில் இருந்தபடியே கார்டில் இருந்த நம்பருக்குப் போன் எடுத்தேன். ஒரு பெண் பிள்ளை பேசினாள். நல்ல மரியாதையான பிள்ளை.

"டயலிசிஸுக்குப் போறது அவசரம் இல்ல மேடம். அவசரம் எண்டாத்தான் வாகனச் செலவு தருவோம்."

"போகாட்டி மயங்கி விழுந்து அவசரமாகிடுமே மகள்?"

"ஓம் மேடம், அப்ப தருவோம்."

போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

"சரி... அப்படிக் கொண்டு போனா, திரும்பி வர?"

"வீட்டுக்கு வர்றதுக்கு இல்ல மேடம். வேற ஆஸ்பத்திரிக்கு மாத்தினா தருவோம்."

ஆக, ராத்தா ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகச் சுற்றலாம் — வீட்டுக்கு மட்டும் வர முடியாது. நான்தான் பிழையாக விளங்கிக்கொண்டேனா? காப்புறுதி என்பதே எதிர்பாராமல் வருவதற்குத்தானாம். வாரத்தில் மூன்று நாள் வருகிற தேவையை அவர்கள் எதிர்பார்த்துவிட்டார்கள் போல!

பக்கத்துக் கதிரையில் ராத்தா. முகத்தில் அத்தனை நம்பிக்கை.

"என்னவாம்?"

"கார்ட் நல்ல கார்ட்தான் ராத்தா. உங்கட வருத்தம்தான் அதுக்குக் காணாதாம், இன்னும் கூடணுமாம்."

அவர் வீங்கிய காலைக் குனிந்து பார்த்தார். "அதுக்கென்ன? இன்னும் ரெண்டு தரம் போகாம இருந்தா, காணும்."

"யா அல்லாஹ், அப்படிச் சொல்லாதீங்க!" என்று கத்தியே விட்டேன். அந்த இடத்திலேயே அடுத்த நாளுக்கு த்ரீவீலர் பேசினேன். அதற்கடுத்த தடவைக்கு என்ன செய்வது? தெரியவில்லை.

உங்கள் வீட்டு அலுமாரியிலும் இப்படி ஒரு கார்ட் இருக்கலாம். எடுத்து முழுதாக வாசித்துவிடுங்கள் — மயக்கம் வருவதற்கு முன்.