மழைக்கு உப்பாத கதவு

கனடாவில் முன்பின் தெரியாதவர்கள் எனக்கு வீட்டைத் திறந்துவிடுகிறார்கள். கம்யூனிட்டி காலேஜில் கட்டட மேலாண்மையும் ஆய்வும் படிக்கிறேன். டார்ச்சோடு உள்ளே போய்ச் சுவரையும் கூரையையும் பார்ப்பதுதான் பயிற்சி. முதல் வீட்டில் ஒரு முதியவர், "திஸ் ஹவுஸ் ஹேஸ் செட்டில்ட்" என்றார். செஞ்சியில் என்னைப் பற்றியும் அதையேதானே சொல்கிறார்கள், கனடாவுல செட்டில் ஆயிட்டா என்று! நல்ல சேதி என நினைத்து "வெரி குட்" என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. வீடு மண்ணுக்குள் இறங்குகிறது என்பதைத்தான் அவர் சொன்னார் என்று வெளியே வந்தபிறகு கூட வந்த ஆசிரியை விளக்கினார்.

போன மழைக்காலத்தில் லீவுக்குச் செஞ்சிக்கு வந்தேன். நைனா கட்டிய வீட்டின்மேல் அண்ணன் இரண்டு மாடி எழுப்பியிருந்தான். கீழ்த்தளத்தின் முன்பக்கம் வாடகைக்கு விட்ட செல்போன் கடை. ஷட்டர் அகலமாக வேண்டும் என்று அங்கே முன்சுவரையே எடுத்திருந்தான். மாடியில் குளியலறைக் கதவு தரையில் உரசியது. "மழைக்கு உப்பிக்கிச்சு" என்றாள் அண்ணி. அது இரும்புக் கதவு. பிள்ளைகள் படுக்கும் அறையில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் ஓடியது. அதன் நுனியில் பென்சிலால் கோடு போட்டுவைத்தேன். அமாவாசைக்கு மேல்மலையனூர் போய்த் திரும்பியதும் முதலில் அதைத்தான் பார்த்தேன். விரிசல் கோட்டைத் தாண்டியிருந்தது.

"அண்ணா, நீ எடுத்த சுவருதான் மேல இருக்கறதெல்லாம் தாங்கிக்கினு இருந்துது. எல்லாரும் வெளிய வந்துடுங்க."

"இன்னா, படிச்சு முடிக்கறதுக்குள்ள இன்ஜினியர் ஆயிட்டியா? வீட்ல பங்கு வேணும்னா நேரா கேளு. இப்டி பயமுறுத்தாத."

மறுநாள் மதியம் நைனா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். காய்ந்த கட்டை முறிவதுபோல் சுவருக்குள் ஒரு சத்தம். சாதத்தின்மேல் சிமெண்ட் தூள் கொட்டியது. நைனா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். "புள்ளைங்கள கூட்டிக்கினு கெளம்புமா" என்றார். அண்ணியும் பிள்ளைகளோடு இறங்கி வந்தாள்.

கீழே கடைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். பதறிப்போய்க் கடையில் இருந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு ஷட்டரை இழுத்தார். பாதியில் சிக்கிக்கொண்டது. அண்ணன் ஓடிவந்து தொங்கி இழுத்தான். அசையவில்லை. மேலே உத்திரம் வளைந்திருந்ததை அப்போதுதான் பார்த்தான். ஷட்டரை விட்டுவிட்டுத் தெருவுக்கு வந்து நின்றான்.

அன்றே எல்லோரும் சிங்கவரத்து அத்தை வீட்டுக்குப் போய்விட்டோம். திண்டிவனத்திலிருந்து வந்த இன்ஜினியர் முட்டுக் கொடுத்து, இரண்டு மாடிகளையும் இறக்கச் சொன்னார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அண்ணன் என்னிடம் பேசுவதில்லை. நான் வந்து பார்த்ததால்தான் வீடு போயிற்றாம், வெளிநாட்டுக் கண்ணாம். உறவில் எல்லோரும் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள்.

நேற்று காலேஜ் கேண்டீனில் இருந்தபோது நைனா ஒரு போட்டோ அனுப்பினார். கீழ்த்தளத்தின் பழைய கூரையும் கெட்டுப்போய் அதையும் எடுத்துவிட்டார்களாம். நான் வளர்ந்த அறையின் நீலச் சுவர்கள் மழையில் நனைந்து நிற்கின்றன. அவற்றுக்கு மேலே ராஜகிரி மலை தெரிகிறது. அந்த வீட்டுக்குள் இருந்த காலத்தில் ஒருநாளும் எனக்கு அந்த மலை தெரிந்ததில்லை.