செருப்பில்லாத வாசல்

அன்று எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. வாயைத் திறக்காமல் இருப்பது.

கொள்ளுப்பிட்டியில் நான் வேலை செய்யும் சின்ன அலுவலகத்தில், ஒரு தீவைச் சுற்றித் திரிகிற வீடியோ கேம் செய்துகொண்டிருந்தோம். அதில் ஒரு புதிர் என்னுடையது. பாழடைந்த வீடு, பன்னிரண்டு அறைகள். ஆளிருக்கும் அறைக் கதவைத் தொட்டால் விளக்கு அணைந்து, மறுபடி கடற்கரையில் கிடப்போம். ஆளில்லாத அறையில்தான் சாவி. அந்த அறை ஒவ்வொரு முறையும் மாறும். பதினொரு வாசல்களில் செருப்பு கிடக்கும், ஒன்றில் கிடக்காது. அவ்வளவுதான் விடை.

அலுவலகத்தில் மூன்று பேர் முயன்று, அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள். "நாளைக்குக் காலமைக்குள்ள ஒராளாவது உதவியில்லாமக் கண்டுபிடிக்கோணும். இல்லாட்டி அந்தப் புதிரைக் கேமிலயிருந்து தூக்கிறம்" என்றார் எங்கள் பொறுப்பாளர். இரண்டு மாத உழைப்பு.

அதனால்தான் நடந்ததைச் சொல்லி, தெஹிவளையிலிருந்து அக்காவை வெள்ளவத்தைக்கு, என் பிளாட்டுக்கு வரச் சொன்னேன். கேம் பக்கமே போகாதவர். அவரைக் கணினி முன்னால் இருத்திவிட்டு, நான் பின்னால் கதிரையில் இருந்தேன். பொறுப்பாளருக்குக் காட்ட ரெக்கோர்டிங் ஓடியது.

முதல் கதவு, இருட்டு, கடற்கரை. இரண்டாவதும் அப்படியே. ஆறாவது முறை அக்கா திரும்பினார். "என்னடா விசர் விளையாட்டு இது? ஏதாவது சொல்லன்."

"சொல்லேலாது அக்கா. ரெக்கோர்ட் ஆகுது."

நல்ல புதிரில் விடை ஒளிந்திருக்கக் கூடாது, நடக்கிற வழியிலேயே கிடக்க வேண்டும். கண்டதும் "இதையா இவ்வளவு நேரமும் தாண்டிப் போனேன்" என்று தன்னையே திட்டிச் சிரிக்க வேண்டும். அந்தச் சிரிப்புக்காகத்தான் இந்தத் தொழிலுக்கே வந்தேன்.

ஒன்பதாவது முறை அக்கா எந்தக் கதவையும் தொடவில்லை. திரையில், வீட்டின் நடுவில் அசையாமல் நின்றார். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். கீழே கடலோர ரயில் போய் முடிந்தது. விட்டுவிடப் போகிறார், எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

"வாசல்ல செருப்பைப் பாருங்கோ அக்கா!"

அவர் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். "அதைத்தானே பாத்துக்கொண்டு நிண்டனான். இனி நீயே திற."

மறுநாள் ரெக்கோர்டிங்கில் என் குரலைக் கேட்ட பொறுப்பாளர், புதிரைத் தூக்கிவிட்டார். கேமில் அந்த வீடு இன்றும் இருக்கிறது, பன்னிரண்டு கதவும் திறந்தபடி.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அன்று புறப்படும்போது, என் வாசலில் செருப்பைப் போட்டபடி அக்கா கேட்டதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"மற்ற மூண்டு பேரும் விளையாடேக்க நீ வாய் திறக்கேல்லைத்தானே? எனக்கு மட்டும் ஏன் சொன்னனீ?"

அவரால் முடியாது என்று நினைத்தேன். அதை நான் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்து அவரே கண்டுபிடித்துவிட்டு, பஸ்ஸுக்குப் போனார்.