விஷம் புகாத செல்களுக்காக ஒரு ஜெபம்

எண்பதுகளின் தொடக்கம், ஐப்பசி மாதம். புதன்கிழமை காலை என் ஆறு வயது மகள் கிரேஸ் தொண்டை வலிக்கிறது என்றாள். மிளகுக் கஷாயம் கொடுத்தோம். மதுரையில் ஒரு மிஷன் பள்ளியில் நான் உயிரியல் ஆசிரியர். மறுநாள் பிளஸ் டூ வகுப்பில் கடத்து ஆர்.என்.ஏ. பாடம். செல்லுக்குள் ஒவ்வொரு கடத்து மூலக்கூறும் தனக்குரிய ஒரே அமினோ அமிலத்தைச் சுமந்து, புரதம் கட்டும் ரிபோசோமுக்கு வரும். மூன்றெழுத்துக் குறி பொருந்தினால் அமிலம் புரதச் சங்கிலியில் சேரும். பிறகு நகர்ந்து, அடுத்ததற்கு இடம் விடும்.

"இறங்குறவன் இறங்குனாத்தான சார் ஏறுறவன் ஏற முடியும்? நம்ம திருமங்கலம் பஸ் மாதிரி" என்றான் ஒரு மாணவன். வகுப்போடு நானும் சிரித்தேன்.

வெள்ளிக்கிழமை கிரேசின் கழுத்து வீங்கி, மூச்சு இழுத்தது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா தொண்டையில் சாம்பல் நிறச் சவ்வைப் பார்த்தார். தொண்டை அடைப்பான், டிப்தீரியா.

"முத்தடுப்பு ஊசி மூணும் போட்டீங்களா சார்?"

என் நாட்குறிப்பில் இரண்டு ஊசிக்குத் தேதி இருந்தது. மூன்றாவது ஊசி போட வேண்டிய நாளில் பள்ளி ஆய்வு. 'அடுத்த வாரம்' என்று குறித்திருந்தேன். எழுதிவிட்டதாலேயே செய்துவிட்டதாக மனம் நம்பிவிட்டது.

அந்த நோய்க்கிருமி கக்கும் விஷம் என்ன செய்யும் என்று படித்திருந்தேன். செல்லுக்குள் புகுந்தால், கடத்து ஆர்.என்.ஏ.வை ரிபோசோமில் அடுத்த இடத்துக்கு நகர விடாது. சங்கிலி பாதியில் நிற்கும். புரதமின்றிச் செல் சாகும். தொண்டைக்குப் பிறகு இதயம். விஷமுறிவு சீரம் செல்லுக்கு வெளியே திரியும் விஷத்தைத்தான் பிடிக்கும். உள்ளே போனதைத் தொடாது. என் மனைவி ரூத்திடம் இதைச் சொல்லவில்லை.

சீரம் போட்டார்கள். பக்கத்துக் கட்டிலில் கீழக்குயில்குடி விவசாயி ஒருவரின் மகன். அதே நோய், காய்ச்சல் கண்ட ஐந்தாம் நாள்தான் கொண்டுவந்திருந்தார்கள். இதயம் தேறும்வரை இருவரையும் எழவே விடக்கூடாது என்றார் டாக்டரம்மா.

கட்டிலருகே முழங்காலிட்டேன். ஆண்டவரே, விஷம் புகாத செல்கள் மிச்சமிருந்தால் அவற்றைக் காத்தருளும். அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் ஆறாம் நாள் அந்தப் பையன் எழுந்து உட்கார்ந்தான். அப்படியே சாய்ந்தான்; இதயம் நின்றுவிட்டது. அவன் தகப்பனும் மூன்று நாளாகச் சாப்பிடாமல் வேண்டிக்கொண்டுதான் இருந்தார்.

எட்டாம் நாள் கிரேசின் நாடி தடுமாறியது. ரூத் அவள் மணிக்கட்டை விடவே இல்லை. பதினோராம் நாள் நாடி சீரானது. நான்காம் வாரம் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அன்று வார்டு வாசலில் அந்தத் தகப்பன் நின்றார்.

"பாப்பாவப் பாத்துட்டுப் போவம்னு வந்தேண்ணே. எங்க சாமிகிட்ட நான் இப்பப் பேசுறதில்ல. எம் பயலுக்கும் சேத்து நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க."

அவர் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே ஜெபித்தேன்.

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். இப்போது சனிக்கிழமைகளில் ஒரு நர்சம்மாவோடு கிராமங்களுக்குப் போய், எந்தப் பிள்ளைக்கு ஊசி பாக்கி என்று கேட்கிறேன். என் மகள் ஏன் பிழைத்தாள், அவன் ஏன் பிழைக்கவில்லை என்பதற்கு எனக்கு விடை கிடைக்கவில்லை. ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்தவரே ஜெபம் கேட்டு வந்தார். அவரை நினைத்தாவது நம்புங்கள். உங்கள் பிள்ளைக்காகக் கேளுங்கள். பக்கத்தில் கிடக்கும் பிள்ளைக்கும் சேர்த்துக் கேளுங்கள்.